நாற்பத்து மூன்று முதல் தடவைகள்

நல்ல மர்மக்கதை ஒன்றைப் படித்து முடித்த எல்லோருக்கும் ஒரு பேராசை வரும். கொலைகாரன் யார் என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க முடிந்தால் எப்படி இருக்கும்! அந்தப் பேராசையை ஒரு பெட்டிக்குள் அடைத்து, கழுத்தில் மாட்ட ஒரு பட்டையும் சேர்த்து விற்கலாம் என்று ஒசாகாவில் மினாமோ என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்குத் தோன்றியது. பட்டையைச் செய்தது தரமணியில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரில் கல்யாணம் ஆகாதவள், தயிர்சாதம் இல்லாமல் நான்கு மாதம் தாக்குப்பிடிப்பேன் என்று வாய் விட்டவள் நான் ஒருத்திதான் என்பதால், பட்டையோடு என்னையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

என் பெயர் செங்கமலம். சொந்த ஊர் மதுரை. ஜப்பானிய மொழி மூன்று வருடம் படித்திருந்தேன். ஆனால் ஒசாகாவில் இறங்கியதும் நான் படித்தது வேறு ஏதோ மொழி என்று தெரிந்தது. ஒசாகாக்காரர்கள் பேசுவது டோக்கியோக்காரர்களுக்கே வேடிக்கையாக இருக்குமாம். எனக்கு அதைக் கேட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் இருந்தது. அதனால் அவர்கள் பேசியதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன். அதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று அடித்துச் சொல்வேன்.

புதுக் கருவிக்கு முதல் விளையாட்டைச் செய்ய மினாமோ இரண்டு பேரை ஓய்விலிருந்து திரும்ப அழைத்திருந்தது. ஒருவர் மிசோபாதா, வயது எழுபத்தொன்று. கட்டங்களை வடிவமைப்பவர். எங்கே பள்ளம், எங்கே ஏணி, எங்கே விளையாடுகிறவன் கீழே விழுந்து பல்லைக் கடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் ஃபுமியே, வயது அறுபத்தொன்பது. பாத்திரங்கள் எப்படி நடக்கும், ஓடும், தும்மும் என்பதை வரைகிறவர். நாற்பது வருடங்களுக்கு முன்னால் இவர்கள் செய்த விளையாட்டை ஜப்பானில் விளையாடாத வீடு இல்லை என்றார்கள். அப்போது இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்தார். இசையமைப்பாளர் சேய்ஜி, ஃபுமியேவின் கணவர். நான்கு வருடங்களுக்கு முன்னால் இறந்துவிட்டார்.

முதல் நாளே ஃபுமியே-சான் (மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பது அங்கே வழக்கம்) பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படிம்மா வேல செய்யுது? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. கணக்குல நான் மக்கு."

"நீங்க விளையாடுறப்ப மூளையில சில ஞாபகங்க முழிச்சிக்கும். முழிச்சிக்கிற ஒவ்வொண்ணுக்கும் பட்டை ஒரு பொட்டு வச்சிட்டே வரும். கடைசியில வெள்ளைப் பொத்தானை அமுக்குனா, பொட்டு வச்சதெல்லாம் தூங்கப் போயிரும்."

"தூங்குனது எந்திரிக்குமா?"

"எந்திரிக்காது. அதான் இதோட விசேஷமே."

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்கா?"

"நானூறு பேர வச்சு ரெண்டு வாரம் பாத்தாச்சு. ஒரு தலைவலி கூட இல்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

ஃபுமியே-சானும் மிசோபாதா-சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிட்டாய்க் கடைக்குள் பூட்டி வைக்கப்பட்ட இரண்டு குழந்தைகளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இவர்களுக்கு ஒரு பழைய வேலைமுறை உண்டு. அதற்கு 'முதல் கண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு விளையாட்டைச் செய்கிறவனுக்கு அது நன்றாக இருக்கிறதா என்று ஒருநாளும் தெரியாது. ஆயிரம் தடவை பார்த்தாயிற்று, பள்ளம் எங்கே என்று விரலுக்கே மனப்பாடம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு வேறு. அதனால் அந்தக் காலத்தில் இவர்கள் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர், புளித்த பால் பானம் விற்க வரும் அம்மா, மாடி தெரியாமல் தப்பி வந்த இன்சூரன்ஸ்காரர் என்று யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்து விளையாடச் சொல்வார்களாம். மூன்று பேரும் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஒரே ஒரு சட்டம்: விளையாடுகிறவர் எழுந்திருக்கும் வரை பின்னால் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது.

"ஒருத்தர் ஒரு தடவதான் முதல் கண்ணு. ரெண்டாந்தடவ அவரும் நம்மள மாதிரி ஆயிருவாரு," என்றார் மிசோபாதா-சான். "அந்த பால்காரம்மா எங்கள கண்டாலே வேற தெருவுல போயிரும்."

இப்போது கையில் ஒரு பட்டை கிடைத்திருக்கிறது. இதை மாட்டிக்கொண்டால் செய்தவரே தினமும் முதல் கண்ணாக மாறலாம்! உலகத்தில் எந்தப் படைப்பாளிக்கும் கிடைக்காத வரம். மிசோபாதா-சானின் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்ததால் பட்டை அவருக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே ஃபுமியே-சான் மாட்டிக்கொண்டார். நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் பொருளை ஒரு பெரிய மனுஷி இவ்வளவு ஆசையாக மாட்டிக்கொள்கிறாரே என்று புளகாங்கிதப்பட்டுப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தபால்காரரின் கதை. கூரைமேல் கூரையாகத் தாவிப் போய் வீடு வீடாகக் கடிதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஃபுமியே-சான் எதுவும் தெரியாதவராக வந்து விளையாடுவார். மிசோபாதா-சான் பின்னால் நின்று குறிப்பெடுப்பார். மதியம் அந்தக் குறிப்பைப் பார்த்து இருவரும் திருத்துவார்கள். மாலையில் ஃபுமியே-சான் பட்டையோடு ஒரு தடவை முழுவதும் விளையாடி, வெள்ளைப் பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை மறுபடி புத்தம் புதுசு.

"ஓ, தபால்காரரா! யாரோட யோசனை?"

"உங்க யோசனைதான்."

"பரவால்லையே நான்!"

இந்த உரையாடல் தினமும் நடந்தது. எனக்கும் மிசோபாதா-சானுக்கும் உதட்டசைவு வரை மனப்பாடம்.

முதல் கட்டத்தில் ஒரு இடம் வரும். தபால்காரர் கூரையின் விளிம்புக்கு ஓடி வருவார், சட்டென்று நிற்பார், இடது காலால் இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகுதான் தாவுவார். முதல் நாள் அந்த இடத்தில் ஃபுமியே-சான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஐயோ, இது அவரு! ஒரு சாக்கடையத் தாண்டுறதுக்கு இம்புட்டு யோசிப்பாரு!"

தபால்காரர் முழுக்க சேய்ஜிதான் என்று மிசோபாதா-சான் என்னிடம் அன்றைக்குச் சொன்னார். சூடான நூடுல்ஸ் குடிக்கையில் கண்ணாடியில் ஆவி படிந்து தட்டுத் தடுமாறுவது, குடையை எதிராளி பக்கமே சாய்த்துப் பிடித்துத் தன் தோளை நனைத்துக்கொள்வது, ரயிலில் தூங்கிப் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வது, எல்லாவற்றையும் ஃபுமியே-சான் அந்தச் சின்ன உருவத்துக்குள் வைத்திருந்தார். "நாலு வருஷமா பென்சிலத் தொடாதவ. இதுக்காகத்தான் வந்தா," என்றார்.

மிசோபாதா-சானின் நோட்டில் விளையாடுகிறவர் சிரித்த இடத்துக்கெல்லாம் ஒரு வட்டம் இருக்கும். முதல் வாரம் அந்தத் தாவலுக்கு நேராக நாலு நாலு வட்டம். மூன்றாவது வாரம் ஒன்று. ஐந்தாவது வாரம் ஒன்றுமில்லை. நான் அதைப் பார்த்து சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில், "சிரிப்பு குறைகிறது, அந்த இடம் பழகிவிட்டது போலும்" என்று எழுதினேன். தினமும் மறந்துவிட்டு வருகிறவருக்கு எப்படிப் பழகும்? எம்.டெக் படித்த மூளைக்கு இந்தச் சின்னக் கேள்வி உதிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாற்பத்து மூன்றாவது நாள் காலை. ஃபுமியே-சான் விளையாடிக்கொண்டிருந்தார். தபால்காரர் விளிம்புக்கு ஓடி வந்தார், நின்றார், இரண்டு தட்டுத் தட்டினார், தாவினார். ஃபுமியே-சான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"இந்த நடை யாரு செஞ்சது? ரொம்ப நல்லாருக்கே. இப்படி நடக்குற ஆள நான் எங்கயும் பாத்ததே இல்ல."

"ஃபுமியே-சான்," என்றார் மிசோபாதா-சான்.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, விளையாடிக்கொண்டிருந்தவர் பின்னால் நின்று அவர் வாயைத் திறந்தார். என்னவோ ஆகிவிட்டது என்று அதிலிருந்தே ஃபுமியே-சானுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன? நான் என்ன சொல்லிட்டேன்?"

மாலைக்காக மேசைமேல் வைத்திருந்த பட்டையை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். படிக்கட்டுக்கு ஓடிப்போய்ச் சென்னைக்குப் போன் போட்டேன். எங்கள் குழுத் தலைவர் ஜெரால்டு அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெரால்டு, பட்டை விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் எப்படி வித்தியாசம் பாக்குது?"

"பாக்காது. எது முழிச்சிக்குதோ அதுக்குப் பொட்டு. விளையாடும்போது விளையாட்டுதான முழிச்சிக்கும்?"

"விளையாடுறவங்களுக்குச் சரி. செஞ்சவங்களுக்கு? அந்தம்மா தபால்காரனப் பாக்குறப்பல்லாம் புருஷன் முழிச்சிக்கிட்டாரு. நாப்பத்திரெண்டு நாளா பொட்டு வச்சு வச்சு தூங்க வச்சிருக்கோம்."

அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது.

"ஒரு தடவைல கொஞ்சம் மங்கும். நாப்பது தடவைன்னா..." என்றார் ஜெரால்டு. "கமலம், யாரு ஒரே விளையாட்ட நாப்பது தடவ மறப்பாங்க?"

"இவங்கதான். குத்தம் குறை இல்லாம வரணுமாம்."

"போனது வராது. அத அவங்ககிட்டச் சொல்லிரு. மறைக்காத."

நான் சொல்லும் முன்பே மிசோபாதா-சான் சொல்லிவிட்டிருந்தார். உள்ளே வந்தபோது இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஃபுமியே-சான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல பெப்பு ஊருக்குப் போனீங்களே, வெந்நீர் ஊத்துல காலப் பொசுக்கிக்கிட்டானே?"

"தெரியும். களிம்பு நான்தான் தடவினேன்."

"மழையில குடை எப்படிப் பிடிப்பான்?"

அவர் யோசித்தார். "தெரியல."

"நூடுல்ஸ் கடையில?"

"கடை ஞாபகமிருக்கு. எதிர்ல யாரோ இருக்காரு. என்ன செய்றாருன்னு தெரியல."

"ஆபீஸ்ல மொத மொத அவனப் பாத்தது?"

"இல்ல. அதுவும் இல்ல." அது ஏன் போனது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவது கட்டத்தில் தபால்காரர் ஒரு மேசைமேல் தடுக்கி விழுவார்; அது சேய்ஜியின் முதல் நாளிலிருந்து எடுத்ததாம்.

"ஆஸ்பத்திரி?" என்று தயங்கிக் கேட்டார் மிசோபாதா-சான்.

"எல்லாம் இருக்கு." ஃபுமியே-சானின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "பதினோரு வாரம். ஒவ்வொரு நாளும் இருக்கு. டியூப் போட்ட கை, கடைசி ராத்திரி மூச்சு விட்ட சத்தம், எல்லாம் பத்திரமா இருக்கு. அத நான் விளையாட்டுல வைக்கலியே! நல்லத மட்டுந்தான வச்சேன்? நல்லத மட்டும் எடுத்துட்டுப் போயிருச்சு."

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்க ஜப்பானிய மொழியில் ஏழெட்டு விதம் உண்டு, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஃபுமியே-சான் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"பட்டைய யாரும் என் கழுத்துல கட்டலம்மா. நானாத்தான் மாட்டிக்கிட்டேன். வேணும்னு கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டேன்."

அடுத்த வாரம் முழுக்க மேல்மாடியில் கூட்டம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஆளாளுக்குக் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் பெட்டியின் பின்பக்கம் ஒரு வரி அச்சிடலாம் என்று முடிவு செய்தார்கள்: 'இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் இதை விளையாட வேண்டாம்.'

"அப்ப மத்தவங்களுக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டேன். "அக்காவும் தங்கச்சியும் ஒரே சோபாவுல உக்காந்து ஒரு வருஷம் விளையாடுறாங்கன்னு வைங்க. அக்கா வெளிநாடு போயிடுறா. தங்கச்சி அந்த விளையாட்ட மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கிறா. அவ மூளையில எது முழிச்சிக்கும்? நாங்க நானூறு பேர ரெண்டு வாரந்தான் பாத்தோம். ரெண்டு வாரத்துல எந்த விளையாட்டும் யாருக்கும் வாழ்க்கையாகாது. ரெண்டு வருஷத்துல ஆயிரும்."

தயாரிப்பு மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெரால்டு சென்னையிலிருந்து திரையில் வந்து எனக்குப் பக்கபலமாகக் கத்தினார். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு ஒன்று சாதித்தோம்: ஒரு விளையாட்டை ஒருவர் ஒரே ஒரு தடவைதான் மறக்க முடியும். அதற்குமேல் பொத்தான் வேலை செய்யாது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பொத்தானே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பொத்தான் இல்லாவிட்டால் அது பத்தோடு பதினொன்றாவது பெட்டி. பொத்தான் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இதற்கிடையே விளையாட்டின் கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது.

"அத நான் செய்றேன்," என்றார் மிசோபாதா-சான். "நடை உட்பட எல்லாம் நான். நீங்க இந்தப் பக்கம் எட்டியே பாக்கக் கூடாது."

"உங்களுக்கு வரையவே வராதே!" என்றார் ஃபுமியே-சான்.

"வராதுதான். பள்ளிக்கூடத்துலேர்ந்து அவனத் தெரியும். அது போதும்."

இருபது நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். நான் மட்டும் டீ கொண்டுபோவேன். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் இல்லாத ஒரு சாக்கடையின் ஓரத்தில் நின்று, இடது காலால் இரண்டு தட்டுத் தட்டித் தாவிப் பார்த்ததை நான் பார்த்தேன். பேஸ்மேக்கர் ஞாபகம் வந்து பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "சரியா வரலியே," என்று மறுபடி தாவினார்.

முடித்த அன்றைக்கு நல்ல வெயில். ஃபுமியே-சான் பட்டை இல்லாமல் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம்.

அதுவரை விளையாட்டு முழுக்க விளையாடுகிறவர்தான் தபால்காரர். கடைசிக் கட்டத்தில் மிசோபாதா-சான் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். இப்போது விளையாடுகிறவர் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். தூரத்தில், கூரைகளின் மேல், ஒரு சின்ன உருவம் வருகிறது. வழியில் மழை பிடிக்கிறது. நனைந்து நிற்கும் ஒரு கிழவருக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துத் தெருமுனை வரை கொண்டுவிட்டு, தோள் நனைந்து திரும்புகிறது. ஒரு கடையில் நூடுல்ஸ் சாப்பிடுகிறது, கண்ணாடியில் ஆவி படிந்து தூணில் முட்டிக்கொள்கிறது. மிசோபாதா-சானின் ஓவியம் மோசம்தான். கைகால்கள் அளவில்லாமல் இருந்தன. ஆனால் அது ஒரு ஆள், யாரோ ஒருவருக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஃபுமியே-சான் தூணில் முட்டிய இடத்தில் சிரித்தார். மிசோபாதா-சான் நோட்டை எடுத்து ஒரு வட்டம் போட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

கடைசிக் கூரையின் விளிம்பு. உருவம் ஓடி வந்தது, நின்றது, இரண்டு தட்டுத் தட்டியது, தாவியது. வாசல் மணி அடித்தது. ஃபுமியே-சான் கதவைத் திறந்தார். தபால்காரர் கடிதத்தை நீட்டினார், தலையைச் சொறிந்தார், குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். திரை வெள்ளையானது.

ஃபுமியே-சான் இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கும் வாயைத் திறக்க உரிமை இல்லை. பிறகு எழுந்தார், திரும்பினார், மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு குத்தம் இருக்கு."

"சொல்லுங்க," என்றார் மிசோபாதா-சான், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"மழையில நனைஞ்சு வாசல்ல வந்து நிக்குறாரு. உள்ள வாங்கன்னு கூப்பிட ஒரு பொத்தான் வைக்கலியே நீங்க? கடைசிக் கட்டத்துல இம்புட்டுப் பெரிய ஓட்டை!"

"வைக்கிறேன். நாளைக்கே வைக்கிறேன்."

"மிசோபாதா-சான், நான் அவர ஆபீஸ்ல மொத மொதப் பாத்தப்ப என்ன செஞ்சேன்? சிரிச்சேனா?"

"இல்ல. உங்க படத்து மேல காபியக் கொட்டிட்டான். ஆபீஸே பாக்குற மாதிரி அவனக் கிழிகிழின்னு கிழிச்சீங்க. ஒரு மாசம் அவன்கிட்டப் பேசல."

ஃபுமியே-சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"அப்ப இந்தத் தடவ பரவால்ல," என்றார். "பாத்தவுடனே பிடிச்சிருச்சு."